படிக்கல் ஊசலும் 108,000 படிகளும்

சாயந்தரம் ஆறு மணி இருக்கும், லெப்டொப்புக்குள் இருந்த ஊசல் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்தது. வெளியே இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், தொங்கிய அசல் ஊசல் மூன்று நிமிடத்தில் 40 பாகையிலிருந்து 30 பாகைக்கு அடங்கியிருந்தது. திரையில் இருந்ததோ அதே 40இல் தொடங்கி 60, 90 என்று ஏறி, 180ஐத் தாண்டி, திருவிழாக் காற்றாடி மாதிரிச் சுழன்றது.

"மாமா, உள்ளுக்கு இருந்து யாரு தள்ளி விடுறது?" என்றான் அக்கா மகன்.

அவன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பாதையில், தேயிலை மலைக்கு நடுவே எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு. விடுமுறைக்கு வந்திருந்த அவனுக்கு, உதாரணங்களைப் பார்த்துத் தன் எண்களைத் தானே திருத்திக் கற்கும் நிரலான நியூரல் நெட்வொர்க் என்றால் என்ன என்று காட்டலாமே என்று தொடங்கியது இது. பூனைப் படம், நாய்ப் படம் பிரிக்கிற பாடம் அவனுக்கு அலுத்துவிட்டது. "ஆடுற சாமான் ஒன்னைப் பார்த்துப் படிச்சு, பிறகு தானா ஆடிக் காட்டுமா?" என்று கேட்டான். காட்டும் என்றேன். எவ்வளவு நேரத்துக்கு என்று அவன் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்தக் கேள்விதான் எங்கள் மூன்று வாரத்தைத் தின்றது.

முதலில் ஊசலைச் சொல்லிவிடுகிறேன். பழைய பலசரக்குக் கடைத் தராசின் 2 கிலோ இரும்புப் படிக்கல், சைக்கிள் பிரேக் கம்பி, இஸ்தோப்பின் வளை. முதல் நாள் ஒரே கம்பியில் தொங்கவிட்டோம். பத்து ஆட்டத்துக்குள் கல் நேர்கோட்டை விட்டு நீள்வட்டமாகப் போக ஆரம்பித்தது. ஒரு கோணத்தை மட்டும் அளக்கிறவனுக்கு இது தலையிடி. இரண்டு கம்பியை மேலே அகட்டிக் கட்டி, கீழே ஒன்றாகச் சேர்த்து 'வி' வடிவத்தில் தொங்கவிட்ட பிறகு கல் ஒரே தளத்தில் ஆடியது. வளையிலிருந்து கல்லின் நடுவுக்கு நிறுத்துக்குத்தாக 1.2 மீற்றர். கல் ஆடும்போது வளையும் மயிரிழை அசைந்தது, சவுக்குக் கட்டை ஒன்றைச் செருகி இறுக்கினேன். கம்பியின் மேல் முனைகளை ஆணியில் சுற்றிவிடாமல் இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவே வைத்து முறுக்கினேன். ஆணியில் சுற்றினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கம்பி உருளும், நீளம் மாறும்.

புத்தகத்தில் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.81 என்று இருக்கும். மத்திய கோட்டுக்குக் கிட்ட, இந்த உயரத்தில், 9.78 என்று எடுப்பதே சரி. அப்படிப் பார்த்தால் சிறிய வீச்சத்தில் அலைவுகாலம் 2.20 செக்கன். 40 பாகையில் விட்டால் சூத்திரம் கொஞ்சம் நீள்கிறது, 2.27 வரும். கைக்கடிகாரத்தில் 20 ஆட்டம் எண்ணிப் பார்த்தோம், ஒத்துப்போனது.

அளக்கிற வேலைக்குப் போன் கெமரா, செக்கனுக்கு 60 படம். கல்லின் நடுவில் அக்காவின் பெரிய ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, படங்களை அலசும் ஓபன்சிவி நிரலகத்தில் அந்தச் சிவப்பை மட்டும் தேடிப் பிடிக்க ஒரு சின்ன நிரல். இங்குள்ள ஈரத்துக்குப் பொட்டு ஒரு நாள்கூட நிற்கவில்லை. பிறகு கியூடெக்ஸ் பூசினோம், அது இன்றைக்கும் இருக்கிறது.

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருந்தது. ஆறு வீடியோ எடுத்தோம், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், 15, 25, 40 பாகையிலிருந்து இரண்டிரண்டு. கணக்குக்கு 64,800 படம் வர வேண்டும். வந்தது அதைவிட எவ்வளவோ குறைவு. வரைந்து பார்த்தால் நான்காவது வீடியோவின் நடுவில் ஊசல் திடீரென்று இரண்டு மடங்கு வேகமாக ஆடுகிறது! கல்லை யாரும் தொடவில்லை. அன்று பின்நேரம் மலையிலிருந்து மூடுபனி இறங்கி இஸ்தோப்புக்குள்ளேயே வந்துவிட்டது. வெளிச்சம் குறைந்ததும் போன் தன் பாட்டுக்குப் படத்துக்குப் படம் கூடுதல் நேரம் எடுத்து, செக்கனுக்கு 30 என்று இறங்கிவிட்டது. நாங்கள் எல்லாப் படத்துக்கும் அறுபதில் ஒரு செக்கன் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஒவ்வொரு படத்துக்கும் கோப்புக்குள் நேரமுத்திரை இருக்கிறது, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோக் கருவியில் அதை எடுத்துச் சீரான இடைவெளிக்கு மாற்றலாம். ஆனால் பனிக்குள் எடுத்த படத்தில் பொட்டே மங்கல். அந்த வீடியோவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுநாள் காலை வெயிலில் திரும்ப எடுத்தோம்.

முதல் நெட்வொர்க் எல்லோரும் முதலில் செய்வதுதான். உள்ளே இரண்டு எண், இப்போதைய கோணமும் கோணவேகமும். வெளியே இரண்டு எண், அறுபதில் ஒரு செக்கனுக்குப் பிந்தைய அதே இரண்டும். நடுவில் 64 நியூரன் கொண்ட இரண்டு அடுக்கு. மொத்தம் 4,482 எடைகள், அதாவது பயிற்சியில் திருத்தப்படும் எண்கள். நெட்வொர்க் எழுத பைடார்ச் என்ற நிரலகம், ஓட்ட ஜிபியு என்ற வேகக் கணக்குச் சில்லு இல்லாத பழைய லெப்டொப், கால் மணித்தியாலம். பயிற்சியில் காட்டாத படங்களில் சோதித்தால் ஒரு படிக்கு, அதாவது அறுபதில் ஒரு செக்கன் தாவலுக்கு, சக்தியில் வரும் பிழை ஏறத்தாழ 0.02 சதவீதம். மருமகன் துள்ளினான். 99.98 சரி என்றால் எந்தப் பரீட்சையிலும் ஏ தானே.

பிறகுதான் வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே கொடுத்து, அதில் வருவதைத் திரும்ப உள்ளே கொடுத்து ஓடவிட்டோம். மூன்று நிமிடத்தில் சுற்றியது. இன்னும் விட்டால் கோணம் ஆயிரக்கணக்கில் போய்க் கடைசியில் 'எண் அல்ல' என்று நின்றது.

கூட்டு வட்டி தெரிந்தவருக்கு இது புதுமை இல்லை. 40 பாகையில் இருக்கும் சக்தியைப் போல எட்டரை மடங்கு இருந்தால் கல் உச்சியைத் தொடும். மூன்று நிமிடம் என்றால் 10,800 படி. ஒரு படிக்கு லட்சத்தில் 20 பங்கு கூடினால் போதும், எட்டரை மடங்கு வந்துவிடும். சரி, இன்னும் நன்றாகப் பயிற்றி அதை லட்சத்தில் ஒரு பங்காக்குகிறோம் என்று வையுங்கள். அரை மணித்தியாலத்துக்கு 108,000 படி. அப்போதும் சக்தி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பிழை எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே முக்கியம். ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே போகும் பிழை எவ்வளவு சின்னதானாலும் ஒருநாள் வீட்டைத் தூக்கும்.

இதற்குச் சொல்லப்படும் இரண்டு மருந்தையும் போட்டுப் பார்த்தோம். ஒன்று, பயிற்சியின்போது உள்ளே கொடுக்கும் எண்ணில் வேண்டுமென்றே கொஞ்சம் இரைச்சல் கலப்பது. கூகிளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் ஆட்கள் 2020இல் தண்ணீர், மணல் ஓடுவதை நெட்வொர்க்கால் பாவனை செய்தபோது இதைத்தான் செய்தார்கள். தன் பிழையால் தானே தடம் மாறும்போது திரும்பி வரத் தெரிய வேண்டும் என்பது யோசனை. மற்றது, ஒரு படி மட்டும் பாராமல் பல படி தொடர்ந்து ஓடவிட்டு மொத்தப் பிழையைத் திருத்துவது. கிராஃப்காஸ்ட் என்ற வானிலை மாதிரியைக்கூட ஆறு மணி நேரப் படிகளில் 12 படி வரை இப்படித் தொடராக ஓட்டித்தான் பயிற்றினார்கள். இரண்டும் உதவின. மூன்று நிமிடம் ஒன்பது நிமிடமானது. ஆனால் ஒன்பதாவது நிமிடத்தில் அதே சுற்று. நாள் தள்ளிப் போனதே தவிர நோய் போகவில்லை.

"சக்தி கூடக் கூடாதுன்னு அதுக்கு யாரும் சொல்லவே இல்லையே, மாமா" என்றான் அவன். இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

சொல்லிக்கொடுக்கும் வழி 2019இல் வந்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. சாம் கிரேடானஸ், மிஸ்கோ ஸாம்பா, ஜேசன் யோசின்ஸ்கி மூவரும் எழுதியது, பெயர் ஹமில்டனியன் நியூரல் நெட்வொர்க். டப்ளினில் இருந்த கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹமில்டன் 1830களில் கண்ட சங்கதியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நெட்வொர்க் அடுத்த நிலையைச் சொல்ல வேண்டாம், ஒரே ஒரு எண்ணைச் சொல்லட்டும். அது மொத்தச் சக்தி. உந்தத்தைக் கூட்டினால் அந்த எண் எவ்வளவு ஏறுகிறதோ அதுவே கோணம் மாறும் வேகம். கோணத்தைக் கூட்டினால் எவ்வளவு ஏறுகிறதோ அதன் எதிர்க்குறி உந்தம் மாறும் வேகம். மலைச்சரிவில் ஏறாமல் இறங்காமல் ஒரே உயரத்தில் வெட்டிய தேயிலை வாய்க்கால் மாதிரி, ஊசல் எப்போதும் சம உயரக் கோட்டிலேயே நடக்கும். மலையின் உருவத்தை நெட்வொர்க் தப்பாகப் படித்திருக்கலாம், ஆனால் அந்தத் தப்பு மலையிலும் அது மேலே ஏறாது.

இங்கே என் மடத்தனம் ஒன்று. ஒவ்வொரு நியூரனும் தனக்கு வந்த எண்ணை மாற்றி வெளியே விடும் சார்பாக, பழக்கத்தில் ரெலு வைத்துவிட்டேன். ரெலு நெட்வொர்க் தரும் சக்தி மடித்த தகரம் மாதிரி, தட்டை, மடிப்பு, தட்டை. எங்களுக்கு வேண்டியது உயரமல்ல, சரிவு. தட்டையில் சரிவு மாறாது, மடிப்பில் குதிக்கும். இரண்டு இரவு ஏன் படிக்கவில்லை என்று தேடிவிட்டு, மடிப்பில்லாமல் சீராக வளையும் டான்-எச் சார்பைப் போட்டேன். பத்து நிமிடத்தில் படித்தது.

அதோடு கோணத்தை நேரே கொடுக்காமல் அதன் சைன், கொசைன் இரண்டையும் கொடுத்தோம். 370 பாகையும் 10 பாகையும் ஒன்று என்பதை நெட்வொர்க் தானாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. இயக்கச் சக்தியையும் படிக்கவிடவில்லை, உந்தத்தின் வர்க்கத்தில் பாதி என்று எழுதிவிட்டேன். அழுத்தச் சக்தியை மட்டும் நெட்வொர்க் கற்றுக்கொள்ளட்டும். தெரிந்ததைக் கற்கவிடுவது எனக்கு வீண் பெருமையாகத்தான் படுகிறது.

ஓடவிட்டோம். திரும்பவும் சக்தி ஏறியது! இந்த முறை குற்றம் நெட்வொர்க்கில் இல்லை. படிப்படியாக நகர்த்தும் கணக்கை ஒய்லர் முறையில் எழுதியிருந்தேன், இப்போதைய சரிவைப் பார்த்து ஒரு படி தாவு என்ற முறை. அதில் எங்கள் ஊசலுக்கு ஒவ்வொரு படிக்கும் சக்தி 0.226 சதவீதம் ஏறும். 9.78ஐ 1.2ஆல் பிரித்து, படிநீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இந்த எண் வந்துவிடும். ஐந்து செக்கனில் இரட்டிப்பு. சமன்பாடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒய்லர் கெடுத்துவிடும்.

மாற்று முறைக்கு ஆங்கிலத்தில் லீப்ஃப்ராக் என்று பெயர். நம்முடைய பச்சைக்குதிரை விளையாட்டுத்தான். உந்தத்தை அரைப் படி தள்ளு, அந்தப் புது உந்தத்தை வைத்துக் கோணத்தை முழுப் படி தள்ளு, புதுக் கோணத்தை வைத்து உந்தத்தை மிச்ச அரைப் படி தள்ளு. ஒன்றை ஒன்று தாண்டித் தாண்டிப் போகும். 1967இல் லூப் வெர்லே என்ற பௌதிகவியலாளர் 864 ஆகன் வாயு அணுக்களைக் கணினியில் ஓடவிட்டது இந்த வகையில்தான்.

ஏன் இது நிலைக்கிறது என்பதை மருமகனுக்குக் காட்ட ஒரு வரைபு போட்டோம். கோணம் ஒரு அச்சு, உந்தம் ஒரு அச்சு. ஒரு ஊசலுக்குப் பதில் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமான தொடக்கத்தில் நூறு ஊசல், வரைபில் சின்னச் சதுரமாக. ஒய்லரில் ஓடவிட்டால் சதுரம் சுற்றச் சுற்ற ஊதிக்கொண்டே போகும். பச்சைக்குதிரையில் சதுரம் சாயும், நெளியும், நீளும், ஆனால் பரப்பளவு மாறாது. ரொட்டி மாவு மாதிரி, எப்படித் தேய்த்தாலும் மாவு அதே மாவு. பரப்பு ஊதாத இடத்தில் சக்திப் பிழையும் கூடிக்கொண்டே போகாது, மேலும் கீழும் கொஞ்சம் ஆடிவிட்டுத் திரும்பி வரும்.

அரை மணித்தியாலம், 108,000 படி. ஊசல் சுற்றவில்லை. ஒரு இரவு முழுக்க ஓடவிட்டேன், காலையிலும் அதே 40 பாகை. நெட்வொர்க் படித்த வளைவிலிருந்து புவியீர்ப்பை நீளத்தால் பிரித்த எண்ணை எடுத்தால் 8.13. கையால் கணக்குப் போட்டால் 8.15. அன்றைக்குத் தேத்தண்ணி நல்லா இருந்தது.

அம்மா கொழுந்துக்குப் போய்விட்டு வந்து திரையைப் பார்த்தார். "இது நிக்கவே நிக்காதா?"

நிற்காது. அதுதான் சிக்கல். வெளியே படிக்கல் பத்து நிமிடத்தில் 17 பாகைக்கு வந்துவிடும். சக்தி மாறாது என்று நாங்கள் கட்டாயப்படுத்திவிட்டோம், காற்றும் கம்பியும் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கின்றன. நெட்வொர்க் இதை மறைக்கப் பார்த்துப் படிக்கும்போதே தடுமாறியிருக்கிறது, அந்தச் சின்னத் தடுமாற்றத்தை நான் இரைச்சல் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

உராய்வைச் சேர்க்க வேண்டும், ஆனால் பழையபடி சக்தி ஏறும் வாசல் திறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பச்சைக்குதிரைப் படிக்கும் பிறகு உந்தத்தை ஒரு எண்ணால் பெருக்குகிறோம். அந்த எண் எப்போதும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருக்கும்படி சூத்திரத்திலேயே பூட்டிவிட்டோம். நெட்வொர்க் எதைப் படித்தாலும் பெருக்கம் ஒன்றைத் தாண்ட முடியாது. உராய்வால் கல் வேகம் பெறுவது என்பது இந்த மாதிரிக்குள் எழுதவே முடியாத விஷயம்.

முதலில் ஒரே ஒரு எண்தான் வைத்தோம், வேகத்துக்கு ஏற்ற உராய்வு. முதல் மூன்று நிமிடத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. அரை மணித்தியாலத்தில் 2 பாகை இருக்கும் என்றது. வெளியே கல் அப்போதும் 5 பாகை ஆடிக்கொண்டிருந்தது. வேகமாகப் போகும்போது காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், மெதுவாகும்போது அந்தப் பங்கு சட்டென்று விழுந்துவிடும். ஒற்றை எண்ணால் இரண்டையும் பிடிக்க முடியாது. அந்த இடத்தில் 16 நியூரன் கொண்ட குட்டி நெட்வொர்க் ஒன்றை வைத்து, உந்தத்தைப் பார்த்து உராய்வைச் சொல்லச் சொன்னோம், பூட்டு அப்படியே.

அது படிக்க மறுத்தது. இதற்குத்தான் அதிக நாள் போனது, காரணம் சில்லறைக் கணக்கு. பயிற்சியில் 30 படி, அதாவது அரைச் செக்கன், தொடர்ந்து ஓட்டினோம். அரைச் செக்கனில் வீச்சம் குறைவது 0.035 பாகை. எங்கள் வீடியோவில் ஒரு பிக்சல் 2 மில்லிமீற்றர், அது 0.1 பாகை. பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு மாற்றத்தை எந்த நெட்வொர்க் பார்க்கும்? 20 செக்கன் ஓட்டினால் 1.4 பாகை, 14 பிக்சல். எனவே 1,200 படி தொடர். லெப்டொப் முனகியது. முதல் இரவு விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் போய் எல்லாம் போச்சு. இரண்டாம் இரவு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடைகளைச் சேமிக்கும் வரியைப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

இடையில் இன்னொரு மாற்றமும் செய்தோம். கோணவேகத்தை ஒப்பிடுவதையே விட்டுவிட்டோம். ஒரு பிக்சல் பிழையை அறுபதால் பெருக்கினால் கோணவேகத்தில் செக்கனுக்கு 0.1 ஆரையன் (ரேடியன்), கல்லின் உச்ச வேகத்தில் இது 5 சதவீதம். நாங்கள் அளந்தது கோணத்தை, அதை மட்டும் ஒப்பிடுவதே நியாயம்.

கடைசிச் சோதனைக்கென்று ஒரு அரை மணித்தியால வீடியோ ஆரம்பத்திலேயே எடுத்து, பயிற்சிக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தேன். அசல் கல் 10, 20, 30 நிமிடத்தில் 17, 9, 5 பாகை. நெட்வொர்க் 17, 9, 5.2. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒப்பிட்டால் 800 சொச்சம் ஆட்டத்துக்குப் பிறகு அசல் வலப்பக்கம் இருக்கும்போது திரையில் இருப்பது இடப்பக்கம். அரை ஆட்டம் பிந்திவிட்டது. மருமகனுக்கு இது பெரிய ஏமாற்றம். எனக்கு இல்லை. அலைவுகாலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழை அது. கம்பியின் நீளத்தை ஒன்றரை மில்லிமீற்றர் தப்பாக அளந்தால் சூத்திரமே அந்த அளவுக்குப் பிந்தும்.

ஊசலுக்குச் சூத்திரம் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். சூத்திரம் இருப்பதால்தான் ஊசலை எடுத்தேன், தப்பு எங்கே என்று கையால் சரிபார்க்கலாம். ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தார் 2023இல் காட்டிய ஏஸ் என்ற காலநிலை மாதிரி, ஆறு மணி நேரப் படிகளில் 100 வருடம் குலையாமல் ஓடியது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 146,000 படி. எங்கள் படிக்கல்லின் அரை மணித்தியாலமும் அதிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை என்று சொன்னதும் மருமகனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அடுத்தது ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற தட்டின் ஈரப்பதத்தைப் படிக்கலாம் என்கிறான். அங்கே எது மாறாமல் இருக்க வேண்டும், எது ஒரு பக்கம் மட்டும் போக வேண்டும் என்று முதலில் தாளில் எழுதிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். காற்று எடுத்துக்கொண்ட தண்ணீரும் கொழுந்து இழந்த தண்ணீரும் சமன் என்பது வரை எழுதியிருக்கிறான்.

படிக்கல்லைக் கழற்றச் சொல்லி அம்மா மூன்று தரம் சொல்லிவிட்டார், இஸ்தோப்பில் துணி காயப்போட இடமில்லையாம். நேற்றுக் கழற்றப் போனேன். மருமகன் காலையில் தட்டிவிட்டுப் போனது, இன்னும் ஒரு பாகை அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நிற்கட்டும் என்று வந்துவிட்டேன்.